பணிமூப்பு வேறு, முன்னுரிமை வேறு

"இணைப்புக்குப் பிறகு விமானிகளின் முன்னுரிமைப் பட்டியலை ஒருங்கிணைப்பதில் இழுபறி." இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றாகும்போதெல்லாம் இப்படி ஒரு வாக்கியத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. சீனியாரிட்டி லிஸ்ட் என்பதைத்தான் முன்னுரிமைப் பட்டியல் என்கிறார்கள். பணிமூப்புப் பட்டியல் என்பதே சரி. இதைச் சின்னப் பிழை என்று விட்டுவிட முடியவில்லை. விமானிகள் எதற்காக வருடக்கணக்கில் மோதிக்கொள்கிறார்கள் என்பதையே இந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

சீனியாரிட்டி என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் செனெக்ஸ் என்றால் முதியவர். செனியோர் என்றால் அவரினும் மூத்தவர். செனட், சார் ஆகியவையும் அந்த வேரிலிருந்து வந்தவையே. தமிழில் மூத்தல், மூப்பு, மூதாட்டி. மூப்பன் என்றால் தலைவன். கிறித்தவ சபைகளில் மூப்பர் உண்டு. வயதைக் குறித்த சொல் மதிப்பையும் வரிசையையும் குறிக்க வந்தது இரண்டு மொழிகளிலும் ஒன்றுபோல நடந்திருக்கிறது. ஒரே குடும்பத்தில் பிறந்தவர்களுக்குள்ளும் "மூத்தோன் வருக என்னாது" அறிவுடையவன் வழியில்தான் அரசு செல்லும் என்று புறநானூற்றின் 183ஆம் பாட்டு சொல்கிறது. முதலில் பிறந்ததால் முதலில் அழைக்கப்படுவது என்ற வழக்கம் அவ்வளவு பழையது. அதை மறுத்துப் பேசுவதும் அவ்வளவு பழையது.

ஒரு விமானிக்கு இந்தப் பட்டியல் என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் சொல்லை எடைபோட முடியும். வேலையில் சேரும்போது அவருக்கு ஓர் எண் கிடைக்கிறது. மேலே இருப்பவர்கள் ஓய்வுபெற ஓய்வுபெற அந்த எண் முன்னேறுகிறது. எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எந்த ரக விமானம் ஓட்டுவது, எப்போது கேப்டனாவது, அடுத்த மாதம் எந்தப் பயணங்கள், பண்டிகை நாளில் விடுப்பு உண்டா என எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் பதில். ஆட்குறைப்பு வந்தால் பட்டியலின் அடியிலிருந்துதான் ஆட்கள் போவார்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போகவும் முடியாது. இருபது வருட கேப்டன் இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்தால் பெரும்பாலும் அங்கே கடைசி எண்தான்.

இனி முன்னுரிமைக்கு வருவோம். முன்னுரிமை என்பது ஒருவர் இன்னொருவருக்குத் தருவது. கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை, மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை என்கிறோம். தருபவர் ஒருவர் இருக்கிறார். நியாயமான காரணம் இருக்கும் என்றாலும் முடிவு அவர் கையில். பணிமூப்பு நேர் எதிரானது. நிர்வாகம் தனக்கு வேண்டியவரைத் தூக்கிவிடவும் வேண்டாதவரை அமுக்கவும் முடியாமல் செய்வதற்காகவே தொழிற்சங்கங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. யாருடைய தயவும் தேவைப்படாத ஒன்றுக்குத் தயவைக் குறிக்கும் சொல்லை வைத்தால், படிப்பவர் 'யாருக்கோ சலுகை காட்டுகிறார்கள் போல' என்றுதானே புரிந்துகொள்வார்? அப்படிப் புரிந்துகொண்டு விமானிகளைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. சொல் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது.

காரணத்துக்கும் காரியத்துக்கும் ஒரே பெயர் வைத்த குற்றமும் இதில் இருக்கிறது. மூப்பு இருப்பதால் முன்னுரிமை வருகிறது. "பணிமூப்பின் அடிப்படையில் முன்னுரிமை" என்பது பொருளுள்ள வாக்கியம். மூப்பையும் முன்னுரிமை என்றே எழுதுபவர் "முன்னுரிமையின் அடிப்படையில் முன்னுரிமை" என்றுதான் எழுத வேண்டிவரும். அப்படி எழுத நேரும்போது பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

முன்னுரிமை எல்லோருக்கும் புரியும், பணிமூப்பு அரசாணைத் தமிழ் என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைகளுக்குப் 'பதிவு மூப்பு' என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பதினெட்டு வயதில் பதிந்தவருக்கு, முப்பது வயதில் அவருக்குப் பின்னால் பதிந்தவரைவிடப் பதிவு மூப்பு அதிகம். வயதோடு அதை யாரும் குழப்பிக்கொண்டதும் இல்லை. அந்தப் பதிவு மூப்பின் உடன்பிறப்புதான் பணிமூப்பு. பேச்சில் 'சீனியாரிட்டி' என்று சொல்வதிலும் எனக்குத் தடையில்லை. விமானிகளே அப்படித்தான் பேசுகிறார்கள். தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் எவ்வளவோ மேல்.

முதுநிலைப் பட்டியல் என்றொரு வழக்கும் உண்டு. அலுவலகத் தமிழில் அதற்கு வேர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதுநிலைப் பட்டம், முதுநிலை மேலாளர் என்று அந்தச் சொல் படிப்புக்கும் பதவிக்கும் போய்விட்டது. விமானத்தில் பதவியும் மூப்பும் ஒன்றல்ல. நல்ல எண் வைத்திருக்கும் ஒருவர், நல்ல பயண அட்டவணை கிடைக்கிறது என்பதற்காகவே கேப்டனாகாமல் துணை விமானியாகத் தொடர்வதுண்டு. அவருக்கு இளையவர் கேப்டனாகப் பறந்துகொண்டிருப்பார். இவர்களில் 'முதுநிலை விமானி' யார்?

நல்ல எண்ணத்தோடு 'பணிக்கால மூப்பு' என்று எழுதுபவர்கள்தான் எனக்கு மிகவும் சங்கடம். தெளிவாக இருக்கட்டும் என்று காலத்தைச் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்த்ததும் வழக்கில் ஒரு கட்சியின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்பது பணிக்காலம்; பெரும்பாலும் சம்பளப் படியைத் தீர்மானிப்பது அது. வரிசையில் எங்கே நிற்கிறார் என்பது பணிமூப்பு. ஒரே நிறுவனத்துக்குள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே போகும். இரண்டு நிறுவனங்கள் சேரும்போது பிரிந்து நிற்கும். அங்கேதான் சண்டை.

அமெரிக்க விமான நிறுவனங்களான யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005-இல் சேர்ந்தன. யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் நீண்டகாலம் வேலை பார்த்தவர்கள். அவர்களில் பலர் ஆட்குறைப்பில் வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டிருந்தார்கள். சேர்ந்த தேதிப்படி வரிசை வேண்டும் என்றார்கள். உங்கள் நிறுவனம் மூழ்கிக்கொண்டிருந்தது, எங்களிடம் இருந்த நிலை எங்களுக்கு வேண்டும் என்றார்கள் அமெரிக்கா வெஸ்ட் விமானிகள். நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் 2007-இல் தந்த பட்டியலில், நிறுத்திவைக்கப்பட்டிருந்த பழையவர்கள், எதிர்த்தரப்பில் அண்மையில் சேர்ந்தவர்களுக்கும் கீழே போனார்கள். அதை ஏற்காதவர்கள் 2008-இல் சங்கத்தையே மாற்றினார்கள். வழக்குகள் தொடர்ந்தன. 2013-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இன்னொரு இணைப்பும் நடந்து, 2016-இல்தான் மூன்று தரப்புக்கும் பொதுவான பட்டியல் வந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது 'பணிக்கால மூப்பு' என்று எழுதினால், எது கேள்வியோ அதற்குத் தீர்ப்பே எழுதியதாகிவிடும்.

ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-இல் ஒன்றானபோதும் இதே கதைதான். 2012 மே மாதம் ஏர் இந்தியா தரப்பு விமானிகள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஜூலையில்தான் முடிந்தது. புதிய போயிங் 787 விமானங்களில் யாருக்குப் பயிற்சி என்பதே வெளியே தெரிந்த காரணம். யார் முதலில் கமாண்ட், அதாவது கேப்டன் பொறுப்பு, பெறுவது என்ற கவலை அதற்கு அடியில் இருந்தது.

ஒருங்கிணைப்பு என்ற சொல்லுக்கும் வருகிறேன். ஒருங்கிணைப்பாளர் என்றால் பல பேரைச் சேர்த்து வேலை வாங்குபவர். பட்டியல்களை யாரும் அப்படி வேலை வாங்குவதில்லை. வெறும் 'இணைப்பு' என்றால் நிறுவன இணைப்போடு மோதுகிறது. இங்கே நடப்பது இரண்டு சரங்களின் மணிகளை அவிழ்த்து ஒரே சரமாகக் கோப்பது. ஒவ்வொரு சரத்திலும் மணிகளின் முன்பின் மாறக்கூடாது. இந்தச் சரத்து மணிக்கு அடுத்து அந்தச் சரத்து மணி எங்கே வரும் என்பதுதான் கேள்வி. ஆகவே 'பணிமூப்புப் பட்டியல்களைக் கோத்தல்' என்று எழுதுகிறேன். கோக்காமல் ஒரு சரத்தை மற்றதன் வாலில் முடிந்துவிடுவதும் உண்டு. 2001-இல் டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது டிடபிள்யூஏ விமானப் பணிப்பெண்கள் அத்தனை பேரும் பட்டியலின் அடியில் வைக்கப்பட்டார்கள். விமானிகளிலும் பெரும்பகுதியினருக்கு அதே நிலை. அந்தக் கசப்பில்தான் 2007-இல் அமெரிக்காவில் மெக்கேஸ்கில்-பாண்ட் சட்டத்திருத்தம் வந்தது. நியாயமாகக் கோக்க வேண்டும், உடன்பாடு இல்லையென்றால் நடுவரிடம் போக வேண்டும் என்றது அது. கோத்தல், வாலில் முடிதல் என்ற இரண்டு சொற்கள் இருந்தால் அந்தச் சட்டம் எதைத் தடுக்க வந்தது என்பது உடனே விளங்கும். இரண்டையும் ஒருங்கிணைப்பு என்றால் எப்படி விளங்கும்?

அகராதியில் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம் இத்துடன் நிற்பதில்லை. விமானிகள் அடுத்த மாதப் பயணங்களுக்கு 'பிட்' (bid) செய்வதை 'ஏலம் கேட்கிறார்கள்' என்று எழுதுகிறார்கள். அங்கே பணமும் இல்லை, விலை ஏற்றுவதும் இல்லை; மூப்பு வரிசைப்படி விருப்பத்தைப் பதிகிறார்கள், அவ்வளவுதான். விருப்பப்பதிவு என்றால் போதும். வேலையிலிருந்து நிறுத்திவைக்கும் 'ஃபர்லோ'வை (furlough) 'விடுப்பு' என்கிறார்கள். சம்பளம் கிடையாது, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, திரும்பக் கூப்பிடும்போது தன் வரிசை வரும் என்ற உரிமை மட்டும் உண்டு. அவரிடம் மிச்சமிருப்பது அந்த எண் ஒன்றுதான். புதிய பட்டியலில் அது எங்கே போய் நிற்கும் என்பதற்காகத்தான் நடுவர் முன் அவர் தரப்பு மன்றாடுகிறது. அவரைப் போய் 'விடுப்பில் இருந்த விமானி' என்று எழுதினால், விடுப்பு முடிந்து வருபவருக்கு என்ன குறை என்று வாசகர் கேட்கத்தான் செய்வார்.