தவக்காலம்: 'லெந்து' எங்கிருந்து வந்தது?

ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் காலத்துக்குக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கத்தோலிக்கர் சொல்வது 'தவக்காலம்'. வயதானவர்கள் வாயில் அது இன்னும் 'தபசுகாலம்'. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் ஆகிய புராட்டஸ்டன்ட் சபையாருக்கு 'லெந்து காலம்'. நெற்றியில் சாம்பல் இடும் சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை எண்ணினால் 46 நாள். ஞாயிறு இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த கணக்கு அது. இன்றைய கத்தோலிக்க வழிபாட்டு முறைப்படி பெரிய வியாழன் (ஈஸ்டருக்கு முந்தைய வியாழன்) மாலைத் திருப்பலிக்கு, அதாவது பூசைக்கு, முன்பே தவக்காலம் முடிந்துவிடுகிறது. மக்கள் கணக்கு பழையபடிதான்.

'லெந்து' ஆங்கிலம் வழியாக வந்தது. பழைய ஆங்கிலத்தில் 'லெங்க்டன்' என்றால் வசந்தம், அதாவது பகல் நீளும் பருவம். டச்சு மொழியில் 'லென்டெ' இன்றும் வசந்தம்தான். நோன்புப் பொருள் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. லத்தீன் 'குவாத்ராஜேசிமா', போர்த்துகீசிய 'குவரெஸ்மா' இரண்டும் 'நாற்பதாவது' என்ற எண்ணிலிருந்து பிறந்தவை. பருவத்தோடு அவற்றுக்குச் சம்பந்தமே இல்லை.

லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். காரைக்குடியில் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். பகல் நீள்வதை இங்கே யார் கவனிக்கப் போகிறார்கள்? ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25-க்குள் வரும். ஆகவே நோன்பின் பெரும்பகுதி மாசி, பங்குனியில் விழும். தமிழ்ப் பருவக் கணக்கில் அது பின்பனி; இளவேனில் பிறப்பது சித்திரையில். கண்ணெதிரே நடப்பதோ வேறு. கண்மாய்த் தண்ணீர் வற்றுகிறது, நடுப்பகலில் முற்றத்துக் கல் காலைச் சுடுகிறது, வேம்பு பழுப்பிலையைக் கொட்டிவிட்டுத் தளிரும் பூவும் விடுகிறது. எனவே 'வசந்தகால நோன்பு' என்ற பெயர்ப்பு நம் ஊருக்கு ஒட்டாது.

'தவம்' ஒட்டுகிறது. 'தபஸ்' என்ற வடசொல்லின் வேருக்குப் பொருளே வெம்மை. அது தமிழில் தவம் என்று திரிந்து, திருக்குறளில் 27-ஆம் அதிகாரமாகவே நிற்கிறது. காரைக்குடி முத்துமாரியம்மனுக்கு மாசி-பங்குனியில் பால்குடம் எடுக்க விரதம் இருப்பவர்களுக்கும் இந்தச் சொல் அந்நியமல்ல.

கூடவே வரும் இரண்டு சொற்களைப் பலர் குழப்புகிறார்கள். 'ஒருசந்தி' என்பது உணவைக் குறைப்பது: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளையும் சேர்ந்தாலும் ஒரு சாப்பாட்டளவு ஆகக் கூடாது. சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாள் மட்டுமே கத்தோலிக்கருக்கு இது கட்டாயம். 18 வயது நிறைந்தவர் முதல் 59 நிறையும் வரை. 'சுத்தபோசனம்' என்பது இறைச்சி விலக்குவது: சாம்பல் புதனோடு தவக்காலத்து வெள்ளிகள் எல்லாம், 14 வயது நிறைந்த எவரும். மீனும் முட்டையும் விதிப்படி தடையில்லை. ஆனாலும் பல வீடுகளில் அன்று வெண்டைக்காய் மண்டி என்ற செட்டிநாட்டுக் குழம்புதான். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. சர்க்கரைக்காரர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயிற்றைக் காயவைப்பது பக்தியல்ல, ஆபத்து.

சாம்பல் புதனுக்கான சாம்பலுக்காக, முந்தைய ஆண்டுக் குருத்து ஞாயிற்றின் (ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு) ஓலைகளை வாங்கிச் சேர்ப்பார்கள். தென்னங்குருத்து ஈரமாக இருந்தால் எரியாமல் புகைந்து, சாம்பலுக்குப் பதில் கரித்துண்டு மிஞ்சும். ஓரிரு நாள் வெயிலில் நொறுங்கக் காயவைத்து இரும்புச் சட்டியில் எரிக்க வேண்டும். ஆறியபின் மெல்லிய துணியில் சலித்தால்தான் நெற்றியில் பிடிக்கும். தண்ணீர் விட்டுக் குழைக்கக் கூடாது: சாம்பலின் காரம் கரைந்து தோலைப் புண்ணாக்கிவிடும். உலர்ந்ததாகவே இடலாம், அல்லது ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

அழைப்பிதழில் 'லென்ட் டேஸ்' என்று அச்சிடுவதைவிடக் கத்தோலிக்கர் 'தவக்காலத் தியானம்' என்றும், சி.எஸ்.ஐ. சபையார் தங்கள் வழக்கப்படி 'லெந்து காலத் தியானம்' என்றும் போடலாம். இரு சபையாரும் சேர்ந்து நடத்தும் கூட்டமென்றால் 'தவக்காலம்' எல்லாருக்கும் புரியும்.