மணி நேரம் ஆகவில்லை, ஆண்டுகள் ஆகிவிட்டன

சில ஆண்டுகளுக்கு முன் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று வருடாந்திரச் சோதனைக்காக எங்கள் ஹேங்கருக்கு வந்தது. கடற்கரை ஊரில் நின்ற விமானம். கடைசி ஓவர்ஹாலுக்கு (முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை) பிறகு புரொப்பெல்லர் ஓடியது 300 மணி நேரம்கூட இல்லை. "இன்னும் எவ்வளவோ மிச்சம் இருக்கே சார், எதுக்கு இப்போ கழற்றணும்?" என்றார் உரிமையாளர். லாக்புக்கைப் பார்த்தேன். ஓவர்ஹால் நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரித்துப் பார்த்தபோது பிளேடின் அடியில், பேரிங் உட்காரும் இடத்தில், அரிப்புக் குழிகள். வெளியே பெயிண்ட் புதிது போலவே இருந்தது.

பெரும்பாலான செஸ்னா 172 சிறு விமானங்களில் இருப்பது நிலையான பிட்ச் புரொப்பெல்லர், அதாவது பிளேடின் கோணம் மாறாதது. பிளேடும் நடுப்பகுதியும் ஒரே உலோகத் துண்டு என்பதால் கண்ணால் பார்த்து, விரலால் தடவியே அதன் நிலையை ஓரளவு சொல்லிவிடலாம். பிட்ச் மாறும் புரொப்பெல்லரின் ஹப்புக்குள் (பிளேடுகள் பொருந்தும் நடுப்பகுதி) பிஸ்டன், ஸ்பிரிங், பேரிங், சீல், கிரீஸ் என்று ஒரு சின்ன இயந்திரமே ஒளிந்திருக்கிறது. சுழலும்போது ஒவ்வொரு பிளேடும் அந்த ஹப்பை டன் கணக்கில் வெளியே இழுக்கிறது.

இவ்வளவு சிக்கல் எதற்கு? பிளேடின் கோணம் குறைவாக (ஃபைன்) இருந்தால் எஞ்சின் முழு ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு) எட்டும், விமானம் சீக்கிரம் எழும்பும். ஆனால் மேலே போய் வேகம் கூடியதும் எஞ்சின் எல்லை மீறிச் சுற்றப் பார்க்கும். கோணத்தை அதிகமாக (கோர்ஸ்) வைத்தால் பயணம் சுகம். எழும்பத்தான் ரன்வே போதாது.

இந்த இழுபறியைத் தீர்க்கப் பலர் முயன்றார்கள். கனடாவின் வாலஸ் டர்ன்புல் மின்சாரத்தால் பிட்ச் மாற்றும் புரொப்பெல்லரை உருவாக்கினார். 1927-இல் அந்நாட்டின் கேம்ப் போர்டன் விமானத் தளத்தில் அது பறந்து சோதிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஃபிராங்க் கால்டுவெல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகையைக் கொண்டுவந்தார். 1933-ஆம் ஆண்டுக்கான கொல்லியர் என்ற அமெரிக்க விமானத்துறை விருது அதற்குக் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 1934-இல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்ன் வரை நடந்த பந்தயத்தில் வென்ற டி ஹாவிலண்ட் காமெட்டின் கதை. அதில் இருந்தது பிரான்சின் ராட்டியே புரொப்பெல்லர். புறப்படும் முன் சைக்கிள் பம்பால் ஹப்புக்குள் காற்றடித்து ஃபைன் பிட்சுக்குக் கொண்டுவருவார்கள். வேகம் கூடியதும் முன்னால் இருந்த தட்டை எதிர்க்காற்று அழுத்தும், வால்வு திறந்து உள்ளிருந்த காற்று வெளியேறும், பிளேடு கோர்ஸுக்குப் போகும். அவ்வளவுதான். தரையிறங்கி மறுபடி காற்றடிக்கும் வரை ஃபைன் கிடையாது. முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மீண்டும் மேலே ஏற நேர்ந்தால் அந்த விமானியின் பாடு என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

இன்று பிட்ச் மாற்றும் அந்த வேலையை ஒவ்வொரு நொடியும் கவர்னர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி பார்த்துக்கொள்கிறது. சுழலும் சின்ன எடைகள் ஒரு ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டி ஒரு வால்வை நகர்த்துகின்றன. எஞ்சின் எண்ணெய் ஹப்புக்குள் போகிறது, வருகிறது. நீங்கள் கேட்ட ஆர்.பி.எம். அப்படியே நிற்கிறது.

சரி, எண்ணெய் அழுத்தம் போனால்? பெரும்பாலான ஒற்றை எஞ்சின் விமானங்களில் பிளேடுகள் ஃபைனுக்குப் போய்விடும். எஞ்சின் ஓடும்வரை முன்னே தள்ளும் விசை கிடைக்கும். ஆனால் ஆர்.பி.எம். சட்டென்று எகிறும். த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) குறையுங்கள், விமானத்தின் வேகத்தையும் குறையுங்கள். உடனே எஞ்சின் எண்ணெய் அழுத்தமானியைப் பாருங்கள், சிக்கல் கவர்னரோடு நிற்காமல் இருக்கலாம். இரட்டை எஞ்சினில் இதற்கு நேர்மாறு: பிளேடுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி ஃபெதர் ஆகும். நின்றுபோன எஞ்சின் விமானத்தைப் பின்னால் இழுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த அமைப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் விமானிகள் இந்த வித்தியாசத்தைக் கைப்பழக்கம் ஆகும்வரை படிக்க வேண்டும்.

ரன்-அப்பில் (எழும்பும் முன் தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் சோதனை) பிட்சை மாற்றும் புரொப்பெல்லர் லீவரை இரண்டு மூன்று தடவை இழுத்துத் தள்ளச் சொல்வது சடங்கு இல்லை. ஹப்பில் தங்கியிருக்கும் குளிர்ந்த எண்ணெய் வெளியேறி, சூடான எண்ணெய் உள்ளே வர வேண்டும். ஆர்.பி.எம். எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று கவனியுங்கள். நேற்றைவிட இன்று மந்தமாகத் தெரிந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

அப்புறம், பவர் வாஷரை ஹப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போனால் தானாக வெளியே வராது. ஓவர்ஹால் கெடு பல மாடல்களுக்கு மணி நேரத்திலும் ஆண்டிலும் எழுதப்பட்டிருக்கும், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ஓடாமல் நிற்கும் விமானத்தில்தான் ஈரம் தங்குகிறது, கிரீஸ் கெட்டுப்போகிறது.

மெக்காலி நிறுவனத்தின் புரொப்பெல்லர்கள் சிலவற்றின் ஹப்பில் சிவப்புச் சாயம் கலந்த எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். பிளேடின் அடியிலோ ஹப்பிலோ சிவப்பாக ஒரு கோடு தெரிந்தால் துணியால் துடைத்துவிட்டு ஏறாதீர்கள். அது உள்ளே விரிசல் இருக்கலாம் என்று காட்டுவதற்காகவே ஊற்றிய சாயம். சாவியை எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.