‘குப்பை பாதிப்புப் புள்ளி’ என்பது எந்த இடம்?

எந்தெந்தத் தெருவில் குப்பை சேருகிறது என்று குடியிருப்போரே கைபேசி வழியே வரைபடத்தில் குறித்துத் தரும் வேலை எங்கே நடந்தாலும், படிவத்தில் ‘குப்பை பாதிப்புப் புள்ளி’ என்றொரு வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. சிலர் இன்னும் நீட்டி, ‘குப்பையால் பாதிக்கப்படக்கூடிய புள்ளி’ என்கிறார்கள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மூலச்சொல் ‘கார்பேஜ் வல்னரபிள் பாயின்ட்’, சுருக்கமாக ஜி.வி.பி. தூய்மை இந்தியா திட்ட ஆவணங்கள் வழியே பரவியது. தொட்டியும் கிடையாது, கொட்ட அனுமதியும் கிடையாது. ஆனாலும் காலையில் அள்ளினால் மாலைக்குள் மறுபடி குப்பை விழுந்திருக்கும். அப்படிப்பட்ட தெருமுனை, காலி மனை, டிரான்ஸ்பார்மர் அடி, கால்வாய்க் கரைதான் ஜி.வி.பி. ‘வல்னரபிள்’ லத்தீனில் காயத்தைக் குறிக்கும் ‘வுல்னுஸ்’ வழி வந்தது. காயப்படத்தக்கது என்று பொருள். ஆங்கிலத்திலேயே ஒட்டாத சொல் அது. தேர்தல் செய்தியில் அதே ‘வல்னரபிள்’ வந்தால் ‘பதற்றமான வாக்குச்சாவடி’ என்று எழுதத் தெரிந்த நமக்கு, குப்பை என்றதும் மட்டும் அகராதியின் முதல் வரியைத் தாண்ட மனம் வருவதில்லை.

சொல் தவறினால் படமும் தவறுகிறது. ‘பாதிப்பு’ என்று கேட்டால் மக்கள் பாதிப்பைத்தான் குறிப்பார்கள்: நாற்றம் வீசும் பள்ளி வாசல், கொசு மொய்க்கும் வீடு, அடைத்துக்கொண்ட மழைநீர் வடிகால். குப்பை விழும் இடம் முப்பது மீட்டர் தள்ளி, யாரும் குறிக்காமல் கிடக்கும். லாரி பள்ளி வாசலுக்கு வந்து, அள்ள ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போகும்.

‘புள்ளி’யும் வம்புதான். கால்வாய்க் கரையில் அறுபது மீட்டருக்கு நீண்டு கிடப்பதை ஒரு புள்ளியாகக் குறித்தால், ஒரு கைவண்டி போதும் என்று கணக்காகிவிடும். அதைக் கோடாக வரைய வேண்டும். காலி மனை என்றால் எல்லை சுற்றி வரைய வேண்டும். ‘இடம்’ என்ற சொல் இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்கும்.

பெங்களூருவில் புழங்கும் ‘பிளாக் ஸ்பாட்’டைப் பிடித்துக்கொண்டு ‘கரும்புள்ளி’ என்பாரும் உண்டு. விபத்து அடிக்கடி நடக்கும் சாலைப் பகுதிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. தவிர, தமிழில் கரும்புள்ளி என்றாலே செம்புள்ளியும் கழுதையும் கூடவே வரும். தெருக்காரர்களைப் படம் குறிக்கக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் தெருவுக்கே கரும்புள்ளி குத்துவது நல்ல அழைப்பா?

‘குப்பை கொட்டும் இடம்’ எளிதுதான், ஆனால் படத்தில் அது ஆபத்து. கொட்டுவதற்கென்றே ஒதுக்கிய இடம் என்று படித்துவிட்டு நாலு பேர் கூடுதலாகக் கொட்டுவார்கள். ‘குப்பை மேடு’, ‘குப்பைக் கிடங்கு’ இரண்டும் சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் கிடங்குகள் அளவுக்குப் பெரியவை.

‘குப்பை குவியும் இடம்’ என்பதே சரி. குவிந்த இடமல்ல, குவியும் இடம். எச்சத்தின் காலமே ‘மறுபடி மறுபடி’ என்பதைச் சொல்லிவிடுகிறது. குப்பை என்ற சொல்லுக்கே குவியல் என்று பழைய பொருள் உண்டு. நெல் குவியலையும் அப்படிச் சொன்னார்கள். படக்குறிப்பில் இடம் போதாவிட்டால் ‘குவியிடம்’ போதும்.

பெயர் சரியானால் படிவத்தின் கேள்வியும் சரியாகும். ‘பாதிப்பின் தன்மை’ என்று கேட்காமல் ‘வாரத்தில் எத்தனை நாள் குப்பை கிடக்கிறது?’ என்று கேட்கலாம். ஒருநாள் பார்த்ததைக் குவியிடம் என்று எழுதக்கூடாது. விடியற்காலை, மதியம், இரவு என வெவ்வேறு வேளைகளில் பார்த்து, வாரத்தில் மூன்று நாளாவது கிடந்தால் குறிக்கலாம். என்ன கிடக்கிறது என்பதும் வேண்டும்: வீட்டுக் குப்பையா, இளநீர் மட்டையா, கோழிக்கடைக் கழிவா, கட்டட இடிபாடா. வீட்டுக் குப்பை என்றால், குப்பை வாங்கும் பேட்டரி வண்டி வரும் நேரத்துக்கு முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் போகிற போக்கில் வீசுவதாக இருக்கலாம். வண்டி நேரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். இடிபாட்டுக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

கைபேசியின் இடங்காட்டி திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் தவறும். மாடிகள் நெருக்கும் சந்தில் இன்னும் விலகும். ஒரே குவியலை நால்வர் குறித்தால் நான்காகிவிடும். அதனால் கூடவே எடுக்கும் புகைப்படத்தில் பக்கத்து மின்கம்ப எண் தெரிய வேண்டும். இருபது மீட்டருக்குள் வருபவற்றை அந்த எண்ணை வைத்து ஒன்றாக்கலாம்.

யாரும் திருத்தக்கூடிய பொது இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இவற்றை ஏற்ற வேண்டாம். நிலையாக இருப்பவற்றுக்கே அங்கே இடம். நடப்பவர் போடும் சிறு தொட்டிக்கு அங்கே ‘வேஸ்ட்_பாஸ்கெட்’ என்பது குறிச்சொல், வீட்டுக் குப்பைக்கான பெரிய தொட்டிக்கு ‘வேஸ்ட்_டிஸ்போசல்’. இரண்டையும் ‘குப்பைத்தொட்டி’ என்றே மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு, தன்னார்வலர்கள் மாற்றிக் குறித்தார்கள் என்று குறை சொல்வது வேடிக்கை. தெருக்குவியலுக்குக் குப்பைக் கிடங்கின் குறிச்சொல்லான ‘லேண்ட்ஃபில்’ போடுவது அதைவிட மோசம். குவியிடங்களைத் தனி அடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி மக்களே குறிக்கும் வேலையை, ‘கம்யூனிட்டி மேப்பிங்’கை, ‘சமூக வரைபடமாக்கல்’ என்பதும் இதே மொழிபெயர்ப்புப் பட்டறையின் சரக்கு. ‘சமூக வரைபடம்’ ஊர் மக்களையே சேர்த்துக்கொண்டு ஊர் நிலையை அறியும் கிராமப் பங்கேற்பு மதிப்பீட்டில் தரையில் கோலப்பொடியால் வீடுகளை வரைவதற்கு வெகுநாளாக உள்ள பெயர். ‘மக்கள் குறித்த படம்’ என்றால் யார் செய்தது என்பது தெரியும். அந்த மக்களில் தூய்மைப் பணியாளர்களும் சேர்த்தி. குவியிடங்களை விரல்விட்டுச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் போய் ‘பாதிப்புப் புள்ளி எங்கே?’ என்று கேட்டால், கையில் அடிபட்டதைக் காட்டுவார்கள்.