ஆண்டுக்கு இருமுறை புரளும் ஏரி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பாரபூ நகருக்குத் தெற்கே உள்ள டெவில்ஸ் லேக் ('சாத்தானின் ஏரி') 1911-இல் மாநிலப் பூங்காவானது. இருபுறமும் சுமார் 150 மீட்டர் உயரத்துக்குக் குவார்ட்சைட் எனும் கடினப் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. பனியுகத்தில் நகர்ந்து வந்த பனியாறு அக்குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கின் இரு வாய்களையும் கல்லும் மண்ணும் குவித்து அடைத்ததால் பிறந்த இந்த ஏரியிலிருந்து எந்த ஓடையும் வெளியேறுவதில்லை. ஹோ-சங்க் பழங்குடியினருக்கு இது புனித நீர்நிலை. அதன்மேல் சாத்தானின் பெயர் ஏறியது வருத்தத்துக்குரியது.

ஜூலையில் இங்கே நீந்துகிறவர் இதமான மேல்நீரிலிருந்து ஆழத்துக்கு மூழ்கினால், ஓரிடத்தில் குளிர் சட்டென்று உடலைக் கவ்வும். வெயிலில் சூடேறி இலேசான நீர் மேலேயும், கனமான குளிர்நீர் கீழேயும் தங்கிவிட, இரண்டும் கலப்பதில்லை என்பதே காரணம். காற்றோடு தொடர்பற்ற அந்த அடிநீரில், மட்கும் பாசியும் இலைகளும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன; ஆக்சிஜன் அற்றதும், சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் கரைந்து நீரில் கலக்கிறது.

குன்றுகளில் மேப்பிள் இலைகள் சிவக்கும் இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்குகிறது. மேலும் கீழும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் காற்று வீசினால் போதும், ஏரி முழுவதும் கலங்கிப் புரளும்; ஆக்சிஜன் அடிவரை செல்லும், பாஸ்பரஸ் மேலே வந்து அடுத்த பாசிக்கு உணவாகும். பாஸ்பரஸ் இப்படி மேலே வருவதைத் தடுக்கவே, புரளும் காலத்துக்கு முன் அடிநீரை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் ஒன்று 2002-இல் அமைக்கப்பட்டது. பம்பு எதுவும் இல்லாமல், நீர்மட்ட வேறுபாட்டைக் கொண்டே இயங்கும்படி அது அமைக்கப்பட்டதை நான் மிகவும் வியக்கிறேன்.

குளிர்காலத்தில் நீரின் விந்தையான குணம் ஒன்று ஏரியைக் காக்கிறது. நீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலே மிதக்கும். ஆகவே மேற்பரப்பு உறைந்து, மனிதர்கள் அதன்மேல் நடந்துசென்று துளையிட்டுத் தூண்டில் போடும்போதும், அடியில் அந்த 4 டிகிரியை ஒட்டிய நீர் திரவமாகவே இருக்க, மீன்கள் உயிரோடு உலவுகின்றன. வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்து உருகி, மேல்நீரும் அதே வெப்பநிலையை எட்டியதும், கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமலே ஏரி இன்னொரு முறை புரள்கிறது.