மூச்சை இழுப்பதில் அல்ல, விடுவதில்தான் விஷயம்

மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்பு கொஞ்சம் வேகமெடுக்கும். இழுத்ததை அதைவிட மெதுவாக விடுங்கள். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இடைவெளி நீளும். முதல் தடவை பிடிபடாவிட்டால் நாலைந்து தடவை செய்துபாருங்கள். இளவயதில் இது நன்றாகவே தெரியும், வயது ஏற ஏற மங்கிவிடும். கோளாறு ஒன்றும் இல்லை. ஜெர்மானிய உடலியங்கியலாளர் கார்ல் லுட்விக் 1847லேயே இதைப் பதிவு செய்துவிட்டார்.

மூச்சுப் பயிற்சி ஏன் பலன் தருகிறது என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில், 'ரத்தத்தில் ஆக்சிஜன் கூடும்' என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நலமாக இருப்பவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய ரத்தத்தின் ஹீமோகுளோபின் தன் கொள்ளளவில் 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்றுவது? வேகவேகமாக ஆழ இழுத்து விட்டால் நடப்பது வேறு. கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். உடனே மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல்நுனி மரக்கும், உதட்டோரம் ஊசி குத்துவதுபோல் இருக்கும். போதாததற்கு, கரியமில வாயு குறைந்தால் ஹீமோகுளோபின் தன்னிடமுள்ள ஆக்சிஜனைத் திசுக்களுக்கு விட்டுக்கொடுக்கவும் தயங்கும். இதை 1904இல் டென்மார்க் உடலியங்கியலாளர் கிறிஸ்டியன் போர் கண்டறிந்தார். பதற்றத்தில் மூச்சு வாங்குகிறவரிடம் 'நல்லா இழுத்து இழுத்து விடு' என்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்க்கிற கதை.

அப்படியானால் பலன் எங்கிருந்து வருகிறது? நாடியிலேயே விடை இருக்கிறது. இதயத்துக்குச் சொந்தத் தாளம் ஒன்று உண்டு. யாரும் தடுக்காவிட்டால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் அது 70 சொச்சத்தில் நிற்கிறதென்றால், மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். 1921இல் மருந்தியலாளர் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அந்த இதயம் ஊறிக்கிடந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். யாரும் தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது! திரவத்தில் இருந்த வேதிப்பொருள் அசிட்டைல்கோலின் என்பது பிறகு உறுதியானது; 1936இல் லோவிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மூச்சை இழுக்கையில் இந்த பிரேக் தளர்கிறது, விடுகையில் இறுகுகிறது. வெளிமூச்சை நீட்டினால் பிரேக் இறுகியிருக்கும் நேரமும் நீள்கிறது. சூட்சுமம் அவ்வளவுதான்.

மெதுவாக மூச்சு விடுவதற்கு நிமிடத்துக்கு 6 மூச்சு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதற்கும் காரணம் உண்டு. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் ரத்த அழுத்தத்தை உளவு பார்க்கும் உணரிகள் இருக்கின்றன. அவை அழுத்தத்தைச் சரிசெய்யும் சுழற்சி ஏறக்குறைய 10 விநாடி. ஒரு மூச்சும் 10 விநாடி பிடித்தால், ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல இரண்டும் ஒத்துப்போய் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சுவாரசியமானது. ஜெபமாலை சொன்னாலும் சரி, 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரம் சொன்னாலும் சரி, மூச்சு தானாகவே நிமிடத்துக்கு 6க்குப் பக்கத்தில் வந்து நின்றதாம்.

காற்றுக் கணக்கிலும் லாபம்தான். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லிலிட்டர் காற்று மூச்சுக்குழாயிலேயே தங்கி வீணாகிறது. 500 மில்லிலிட்டராக 12 முறை இழுத்தால் நிமிடத்துக்கு 6 லிட்டர். அதில் நுரையீரலின் காற்றறைகளுக்குப் போய்ச் சேர்வது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை 6 மூச்சில் இழுத்தால் 5.1 லிட்டர் சேரும். அதே அளவு காற்றில் வீணாவது குறைவு.

செய்முறை எளிது. மூக்கால் 4 விநாடி இழுத்து, 6 விநாடியில் விடுங்கள். தோள் தூக்காமல் வயிறு உப்ப வேண்டும். 5 நிமிடம் போதும். ரத்த அழுத்தம் சற்று இறங்கலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. நடுவே தலை கிறுகிறுத்தால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள். வேகத்தை மாற்ற வேண்டாம், இழுக்கும் காற்றைக் குறையுங்கள்.