மானிட்டரிங்: கண்காணிப்பா, செவிமடுப்பா?

இரண்டாம் உலகப் போர்க்கால பி.பி.சி. பற்றி எழுதும்போது ‘மானிட்டரிங் சர்வீஸ்’ என்ற பெயர் குறுக்கிடும். ‘கண்காணிப்புச் சேவை’ என்று எழுதக் கை தானாகப் போகும். அங்கே நடந்த வேலையை அறிந்தவர்களுக்கு அந்தச் சொல் உறுத்தும்.

1939இல் போர் மூளும் நேரத்தில், இங்கிலாந்தின் ஈவ்ஷம் ஊருக்கு அருகே உட் நார்ட்டன் என்ற மாளிகையில் இந்தப் பிரிவு தொடங்கியது. எதிரி நாடுகளின் வானொலிகளை இரவும் பகலும் கேட்பதுதான் பணி. கேட்டவர்களில் பலர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த அகதிகள். ஜெர்மன் அவர்களுக்குத் தாய்மொழி. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பார்கள், மெழுகு உருளையில் பதிவானதைத் திரும்ப ஓடவிட்டு மொழிபெயர்ப்பார்கள். அதன் சுருக்கம் நாள்தோறும் அரசுத் துறைகளுக்குப் போகும். 1943இல் பிரிவு ரெடிங் நகரை ஒட்டிய கேவர்ஷம் பார்க்குக்கு இடம் மாறியது.

வியன்னாவில் பிறந்த கலை வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கோம்பிரிக் போர் முடியும்வரை இங்கே வேலை பார்த்தார். அலை தேய்ந்து, இரைச்சல் மூடும்போது, என்ன வரும் என்று எதிர்பார்க்கத் தெரிந்தவருக்கே சொற்கள் பிடிபடும் என்பதை அவர் இங்கேதான் உணர்ந்தார். 1945 மே 1 அன்று, முக்கிய அறிவிப்பு வருகிறது என்று சொல்லிவிட்டு ஜெர்மன் வானொலி இசையமைப்பாளர் புரூக்னரின் ஏழாம் சிம்பொனியை ஒலிபரப்பியது. அதன் மெதுவான பகுதி இசையமைப்பாளர் வாக்னரின் மறைவை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஹிட்லர் இறந்திருக்கலாம் என்று ஊகித்த கோம்பிரிக், வரக்கூடிய செய்திகளைத் துண்டுத் தாள்களில் முன்கூட்டியே எழுதி வைத்தார். அறிவிப்பு வந்ததும் உரிய தாளைச் சுட்டிக்காட்டினால் போதும். செய்தி சர்ச்சிலின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பறந்தது. எந்தக் கண்ணும் செய்ய முடியாத வேலை இது.

சொல்லின் வேர் லத்தீன். ‘மோனேரே’ என்றால் எச்சரித்தல், நினைவூட்டல். ‘மானிட்டர்’ எச்சரிப்பவர். பிறகு அது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் மூத்த மாணவனின் பெயராயிற்று. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளைதான் அவன். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1790களில் சென்னையில் மாணவரைக் கொண்டே மாணவருக்குப் பாடம் சொல்லவைத்து, அதை இங்கிலாந்தில் பரப்பினார். அங்கே அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். வானொலிக்காரர்கள் இதே சொல்லை எடுத்து, ஒலிபரப்பைத் தொடர்ந்து கேட்டுச் சரிபார்க்கும் பொருளில் புழங்கினார்கள்.

‘கண்காணிப்பு’ என்பதில் கண் மட்டுமல்ல, அதிகாரமும் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணி, கண்காணிதான். கண்காணிப்பவருக்குக் கீழே யாரோ இருக்க வேண்டும். ஈவ்ஷம் மாளிகையில் இருந்தவர்களுக்குக் கீழே பெர்லின் வானொலி இல்லை. ஜெர்மனியில் அயல்நாட்டு வானொலி கேட்பது 1939 செப்டம்பரிலேயே குற்றமாக்கப்பட்டது. கேட்பவர்களைத் தேடிப் பிடித்த வேலைக்கு வேண்டுமானால் கண்காணிப்பு என்று தாராளமாகச் சொல்லலாம்.

‘ஒட்டுக்கேட்டல்’ அதைவிட மோசம். ஊருக்கே உரக்கச் சொன்னதைக் கேட்பதில் ஒட்டு எங்கிருந்து வரும்? ‘உற்றுக்கேட்டல்’ வினையாக நன்றாக இருக்கிறது, துறைப் பெயராக்கினால் நொண்டுகிறது.

என் தேர்வு ‘செவிமடுப்பு’. செவிமடுத்தல் என்றால் கருத்தூன்றிக் கேட்டல். பழைய சொல், இன்றும் மேடையில் வாழ்கிறது. ஒலிபரப்புச் செவிமடுப்பு, செவிமடுப்புப் பிரிவு, செவிமடுப்பாளர் என்று தடையின்றிக் கிளைக்கும். வீட்டில் வானொலி கேட்பவர் எப்போதும்போல் நேயராகவே இருக்கட்டும். மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டருக்குக் கண்காணிப்புக் கருவி என்பதே சரி, கணினியின் மானிட்டருக்குத் திரை போதும்.