கடல் தண்ணீர் காயத்துக்கு மருந்து இல்லை

இந்த மாதத்தில் இது நான்காவது கால். "சின்னக் கீறல்தான் டாக்டர், கடல் தண்ணியிலேயே நல்லா கழுவிட்டேன்" என்றார் அந்த இளைஞர். கணுக்கால் வரை வீங்கிச் சிவந்திருந்தது. எரிமலைப் பாறைகள் மேல் வெறுங்காலோடு ஏறியிருக்கிறார். காயத்தைத் திறந்தபோது உள்ளே குருணை அளவில், கடல் உயிரின் ஓட்டுத் துணுக்குகள் இரண்டு.

எரிமலைக் குழம்பு இறுகிய பாறையில் வாயு வெளியேறிய துளைகள் நிறைய இருக்கும். அவற்றின் விளிம்பே தோலைக் கிழிக்கும். அலை ஏறி இறங்கும் பகுதியில் அதன்மேல் கொட்டலசும் சிப்பியும் அப்பிக் கிடக்கும். கொட்டலசைக் குனிந்து பாருங்கள்: வெள்ளையாக, உச்சி திறந்த குட்டிக் கூம்பு, சுற்றிலும் பிளேடு போன்ற ஓடு. நண்டு, இறால் வகையறா உயிர்தான். கால் பட்டால் அது பெயராது, நம் தோல்தான் பெயரும். பக்கத்திலேயே வழுக்கும் பாசி வேறு.

சரி, அந்த உப்புத் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். உப்பு கிருமியைக் கொல்லும் என்பது மீனைக் கருவாடாக்கும் அளவு உப்புக்குத்தான் பொருந்தும். கடலில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம்தான் இருக்கிறது. விப்ரியோ என்ற கிருமிக் குடும்பத்துக்கு அந்த உப்பு வாழ்வாதாரம். வெதுவெதுப்பான கடல் நீரில் அது செழித்து வளரும். "நீங்களே சலைன் ஊற்றித்தானே கழுவுகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். சலைனில் உப்பு 0.9 சதவீதம். கிருமி நீக்கிய நீர், திசுவுக்கு எரிச்சல் தராது என்பதால்தான் ஊற்றுகிறோம். அதிலுள்ள உப்பு கிருமியைக் கொல்வதில்லை. தயவுசெய்து கீறிய காலைக் கடலில் நனைக்காதீர்கள்.

கரையேறியதும் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டு, வலித்தாலும் பல நிமிடம் நன்றாகக் கழுவுங்கள். ஆழமாக இருந்தால், துணுக்கு உள்ளே இருப்பதாகத் தோன்றினால் மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பசை வைத்து நீங்களே மூடாதீர்கள். இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் காயத்தை அவசரப்பட்டு இறுக்கித் தைக்காதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள், ஓட்டுத் துணுக்கு பெரும்பாலும் அதில் தெரியும்.

காயத்தின் அளவுக்கு மீறிய வலி, மளமளவெனப் பரவும் சிவப்பு, ரத்தம் கட்டிய கொப்புளம், காய்ச்சல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த விப்ரியோ குடும்பத்தில் ஒன்றான விப்ரியோ வல்னிஃபிகஸ் தொற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் இறக்கிறார், சிலர் ஓரிரு நாளிலேயே. கல்லீரல் நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள் இந்தப் பாறைகளுக்குக் கிட்டவே போக வேண்டாம். மற்றவர்கள் கெட்டியான அடியுள்ள, பாதத்தை முழுக்க மூடும் ஷூ போடுங்கள். கழன்று போகும் ரப்பர் செருப்பு உதவாது.

அப்புறம் ஒன்று. சில வாரம் கழித்து அதே இடத்தில் வலியில்லாத கட்டி வந்தால், அது மெதுவாக வளரும் வேறொரு கிருமியாக இருக்கலாம். மருத்துவரிடம் போனதும், "கடல் பாறையில் கீறியது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எந்த மருந்து என்பது அதைப் பொறுத்துத்தான் மாறும்.